எலி முகத்தில் ஓர் உண்மைக் கதை: வரலாறு சொல்லும் காமிக்ஸை எப்படிப் படிப்பது?

வரலாறு சொல்லும் காமிக்ஸ் என்று பேச்சை எடுத்தால் இரண்டு விதமான பதில் வரும். "காமிக்ஸா? அது சின்னப் பசங்க சமாச்சாரம். அதுல என்ன வரலாறு இருக்கப் போகுது?" என்பது ஒன்று. இப்படிக் கேட்பவரே பள்ளி நாளில் இரும்புக்கை மாயாவியைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவராக இருப்பார். இன்னொரு பதில் இதற்கு நேரெதிர். "படத்துலயே போட்டிருக்கே, அப்படித்தான் நடந்திருக்கும்." எட்டாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் இந்த இரண்டாவது கட்சி.

முதல் பதில் ஒரு நல்ல கதவைச் சாத்திவிடுகிறது. இரண்டாவது, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு யார் வந்தாலும் உள்ளே விட்டுவிடுகிறது. கையால் வரைந்த படம் எந்த அளவுக்கு உண்மை பேச முடியும், அதில் எதை நம்பலாம், எதை ஓவியரின் ஊகமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியை இரண்டு கட்சியுமே கேட்பதில்லை. அதைக் கேட்பதற்கு ஓவியம் தெரிந்திருக்க வேண்டாம், வரலாறு படித்திருக்கவும் வேண்டாம். வீட்டில் தினமும் நடப்பதிலிருந்தே தொடங்கலாம்.

"தண்ணி இது வரைக்கும்"

2015 டிசம்பர் வெள்ளத்தைச் சென்னையில் அனுபவித்த யாரிடமாவது அந்த இரவைப் பற்றிக் கேளுங்கள். பேசிக்கொண்டே எழுந்து போய்ச் சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். "தண்ணி இது வரைக்கும் நின்னுச்சு." அந்தக் கை ஒரு படம். தண்ணீர் என்ன நிறம், எவ்வளவு வேகம், அதில் என்னென்ன மிதந்தன என்று அது எதுவுமே சொல்லவில்லை. உயரம் ஒன்றை மட்டும் சொல்கிறது. அதில் பொய் இருந்தால் கேட்கிறவருக்குக் கோபம் வரலாம். நிறத்தைச் சொல்லவில்லையே என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

அடுத்து இப்படி ஒரு வரி வரும்: "எதுத்த வீட்டு அண்ணன் வந்து, 'அக்கா, நகையும் சர்டிபிகேட்டும் மட்டும் எடுத்துக்கிட்டு மாடிக்கு வந்துடுங்க'ன்னாரு." அந்த அண்ணன் சொன்னதை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. அவர் இதே வார்த்தைகளைச் சொன்னார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஆனாலும் பேச்சின் சாரம் இதுதான் என்று எடுத்துக்கொள்கிறோம். இப்படி நினைவிலிருந்தும் கிடைத்த தடயங்களிலிருந்தும் ஒரு காட்சியைத் திரும்பக் கட்டி எழுப்புவதற்கு மீட்டுருவாக்கம் என்று பெயர். வரலாறு சொல்லும் காமிக்ஸ் முழுக்க இந்த வேலைதான்.

இன்னொரு பழகிய படம், மின்சார ரயில் பெட்டியில் கதவுக்கு மேலே ஒட்டியிருக்கும் வழித்தட வரைபடம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை நேர்க்கோடு. நிஜத் தண்டவாளம் வளைந்து நெளிந்துதான் போகிறது. வரைபடத்தில் நிலையங்களுக்கு நடுவே ஒரே அளவு இடைவெளி, நிஜத்தில் அப்படி இல்லை. ஆனால் நுங்கம்பாக்கத்துக்கு அடுத்தது கோடம்பாக்கம், அதற்கடுத்தது மாம்பலம் என்ற வரிசை மாறாது. மாறினால் அது பொய்ப் படம். வரிசையைப் பற்றி அந்தப் படம் பயணிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. வளைவைப் பற்றிக் கொடுக்கவில்லை.

உண்மையைச் சொல்வதாக வாசகருக்கு வாக்குக் கொடுத்து, அந்த வாக்கை வரைந்த படங்களின் வரிசையால் நிறைவேற்றும் நூலை அல்புனைவுக் காமிக்ஸ் என்கிறோம். கற்பனைக் கதை புனைவு, மற்றது அல்புனைவு. படம் தத்ரூபமாக இருக்கிறதா என்பதற்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எல்லாப் படமும் சிலவற்றுக்கு வாக்குக் கொடுக்கும், சிலவற்றுக்குக் கொடுக்காது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கட்டமும் இடைவெளியும்

காமிக்ஸ் பக்கத்தில் ஒவ்வொரு படமும் ஒரு கட்டம். பாத்திரங்கள் பேசுவது பேச்சுக் குமிழியில் வரும். கட்டத்தின் மேலோ கீழோ நீள்சதுரத்தில் கதைசொல்லி பேசுவது விவரணைப் பெட்டி. இவை பார்த்தாலே தெரிபவை. இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடப்படும் வெள்ளை இடைவெளிதான் பலர் கண்ணில் படாதது, வேலை அதிகம் செய்வதும் அதுதான்.

ஒரு கட்டத்தில் பையன் கல்லை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடக்கிறது. கல் பறந்ததை ஓவியர் வரையவே இல்லை. எறிந்தது நம் மனம். கட்டங்களுக்கு இடையில் நடந்ததை வாசகரே நிரப்பிக்கொள்கிறார். நாமே நிரப்பியதால்தான் அது பார்த்தது போலவே மனசில் தங்கிவிடுகிறது. காமிக்ஸின் பலம் இது. வரலாறு சொல்லும்போது ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. கல் வேறொருவர் கையிலிருந்து வந்திருந்தால்? நேர்மையான ஓவியர் எந்த இடைவெளியை வாசகரிடம் விடலாம், எதைச் சான்று வைத்து நிரப்பியே ஆக வேண்டும் என்று யோசித்துத்தான் பக்கம் அமைப்பார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குமிழியில் இருப்பது அன்றைய பேச்சு. விவரணைப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் இன்றைய குரல். ஒரே கட்டத்துக்குள் பத்து வயதுப் பையன் அழுதுகொண்டிருப்பான், மேலே பெட்டியில் அவனே அறுபது வயதில் அமைதியாகப் பேசிக்கொண்டிருப்பான். நடந்த காலமும் நினைத்துப் பார்க்கும் காலமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. உரைநடையில் இதைச் செய்ய ஒரு பத்தி வேண்டும். இங்கே ஒரு பார்வை போதும். சினிமாவில் காட்சி நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். காமிக்ஸில் வேகம் நம் கையில் இருக்கிறது. தாங்க முடியாத பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம், முந்தைய பக்கத்துக்குத் திரும்பியும் போகலாம்.

வாத்தியக் குழு இருந்ததா?

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் காட்டி இந்த விஷயம் முழுவதையும் விளக்கச் சொன்னால், ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த 'மவுஸ்' நூலிலிருந்து ஒரு பக்கத்தை எடுப்பேன்.

ஸ்பீகல்மன் அமெரிக்க ஓவியர். அவருடைய அப்பா விளாடெக் போலந்து யூதர், நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதை முகாமிலிருந்து உயிர் தப்பியவர். 1970களில் மகன் அப்பாவை உட்காரவைத்துப் பேசவிட்டு ஒலிநாடாவில் பதிவு செய்தார். ஒருவர் வாயால் சொன்ன அனுபவத்தைப் பதிவு செய்து சான்றாகப் பயன்படுத்துவது வாய்மொழி வரலாறு. அந்தப் பதிவுகளோடு புத்தகங்கள், ஆவணங்கள், முகாமுக்கே நேரில் போய்ப் பார்த்தது எல்லாம் சேர்ந்து இரண்டு பாகங்களாக 1986லும் 1991லும் நூலாயின. யூதர்களுக்கு எலி முகம், ஜெர்மானியருக்குப் பூனை முகம், போலந்துக்காரர்களுக்குப் பன்றி முகம்.

அந்தப் பக்கத்தில் கைதிகள் வேலைக்காக முகாம் வாசலைத் தாண்டி அணிவகுத்துப் போகிறார்கள். வாசலருகே ஒரு வாத்தியக் குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. அடுத்து நிகழ்காலம். அப்பாவும் மகனும் பேசிக்கொண்டு நடக்கிறார்கள். நீங்கள் வெளியே போகும்போது வாத்தியக் குழு வாசிக்குமாமே, படித்தேன் என்கிறார் மகன். வாத்தியக் குழுவா, அதெல்லாம் இல்லை, நாங்கள் நடந்துபோனதுதான் எனக்கு ஞாபகம் என்கிறார் அப்பா. அதற்கு நிறைய ஆவணம் இருக்கிறதே என்கிறார் மகன். இல்லை, காவலர்கள் கத்தியதுதான் என் காதில் விழுந்தது என்கிறார் அப்பா.

திரும்பவும் அதே வாசல், அதே அணிவகுப்பு வரைந்திருக்கிறது. இந்த முறை நடந்துபோகும் கைதிகளின் கூட்டம் வாத்தியக் குழுவை மறைத்துவிடுகிறது. தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் நுனி மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் தீராது. ஆவணம் உண்மை சொல்கிறது, குழு இருந்தது. அப்பாவும் பொய் சொல்லவில்லை. பசியும் அடியும் பயமுமாக நடந்த மனிதருக்கு இசை கேட்டிருக்காது. வரலாற்றாசிரியர் இதை எழுதினால் அடிக்குறிப்பில் போடுவார். ஸ்பீகல்மன் இரண்டையும் ஒரே பக்கத்தில் வரைந்து, ஒன்றை இன்னொன்று மறைக்கும்படி வைத்துவிட்டார். ஆவணத்துக்கும் நினைவுக்கும் நடுவே இருக்கும் இழுபறி நம் கண்முன்னே நடக்கிறது.

எலி முகம் எதற்கு என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். யூதர்களைப் பூச்சி என்றும் எலி என்றும் இழித்தது நாஜிப் பிரசாரம். அந்த வசையையே எடுத்து ஸ்பீகல்மன் திருப்பிப் பிடிக்கிறார். போலந்துத் தெருவில் யூதர் ஒருவர் தான் யூதர் என்பதை மறைத்து நடக்கும் காட்சிகளில் எலி முகத்தின் மேல் பன்றி முகமூடி கட்டியிருக்கும். முகமூடியின் கயிறு பின்தலையில் முடிந்திருப்பதும் தெரியும். எப்போது அவிழும், யார் கண்டுபிடிப்பார்கள் என்ற திகில் மொத்தமும் அந்த முடிச்சில் இருக்கிறது. இதை எந்தப் புகைப்படத்தாலும் காட்ட முடியாது.

இரண்டாம் பாகம் வந்ததும் 'நியூயார்க் டைம்ஸ்' அதிகம் விற்பனையாகும் நூல்களின் பட்டியலில் அதைப் புனைவுப் பகுதியில் சேர்த்தது. ஸ்பீகல்மன் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார், பத்திரிகை அதை அல்புனைவுப் பகுதிக்கு மாற்றியது. 1992ல் நூலுக்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. ரயில் வரைபடம் நினைவிருக்கிறதா? எலி முகத்துக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. யார், எங்கே, எப்போது, என்ன அனுபவித்தார் என்பதற்குத்தான் வாக்கு.

கேமரா பார்க்காத நாள்

புகைப்படம் இருக்கும்போது படம் எதற்கு? புகைப்படம் இல்லாத இடங்கள் எத்தனை என்று யோசித்தால் பதில் கிடைத்துவிடும்.

1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த நாள். யோஷிட்டோ மட்சுஷிகே என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் அன்று கேமராவோடு ஊருக்குள் நடந்தார். கண்ட காட்சியில் கை ஓடவில்லை. அழுகையினூடே பொத்தானை அழுத்தியது ஏழே முறை, தேறிய படங்கள் ஐந்து. ஒரு நகரமே எரிந்த நாளில், எரிந்த மனிதர்களுக்கு நடுவே நின்று எடுத்த படங்கள் அவ்வளவுதான். காளான் மேகத்தின் படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது குண்டு போட்டவர்கள் பக்கமிருந்து தெரிந்த காட்சி. மேகத்துக்கு அடியில் இருந்தவர்கள் மேகத்தைப் பார்க்கவில்லை.

அவர்கள் பார்த்தது 1974ல் வெளியே வரத் தொடங்கியது. முதியவர் ஒருவர் தான் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு ஜப்பானின் என்எச்கே தொலைக்காட்சியின் ஹிரோஷிமா நிலையத்துக்குப் போனார். நிலையம் மற்றவர்களையும் வரைந்து அனுப்பச் சொன்னது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வந்து குவிந்தன. வரைந்தவர்கள் ஓவியர்கள் இல்லை, சாதாரண மக்கள். அளவு தப்பாக இருக்கும், உடல்கள் குச்சி போல இருக்கும். அவை சாட்சியம் என்பதில் யாருக்காவது சந்தேகம் வருமா?

பிற்காலத்தில் ஓவியத்தையே தொழிலாக்கிக்கொண்ட ஒருவரும் அந்த ஊரில் பிழைத்திருந்தார். கெய்ஜி நகாசவாவுக்கு அன்று வயது ஆறு. பள்ளி வாசலில் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கூடப் படிக்கும் பிள்ளையின் அம்மா ஒருவர் எதிரே நின்று ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். வெளிச்சம் அடித்தது. சுவர் பையனை மறைத்தது, அந்த அம்மா கருகிப்போனார். நகாசவாவின் அப்பா, அக்கா, தம்பி மூவரும் இறந்தார்கள். கர்ப்பிணியாக இருந்த அம்மா தப்பினார். அன்றே பிறந்த பெண் குழந்தை அதிக நாள் தங்கவில்லை.

பெரியவராகி டோக்கியோவில் காமிக்ஸ் வரைந்துகொண்டிருந்தபோது நகாசவா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 1966ல் அம்மா இறந்தார். தகனம் முடிந்து எலும்பு பொறுக்கப் போனபோது சாம்பல்தான் இருந்தது, பொறுக்க எலும்பு மிஞ்சவில்லை. கதிர்வீச்சு அம்மாவின் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை என்று அவர் எடுத்துக்கொண்டார். அந்தக் கோபத்தில்தான் குண்டைப் பற்றி வரைய உட்கார்ந்தார். 1973ல் சிறுவர் வார இதழ் ஒன்றில் 'வெறுங்கால் கென்' தொடராக வரத் தொடங்கியது. கென் என்ற பையன் பெரும்பாலும் நகாசவாதான், ஆனால் பெயர் வேறு, சில நிகழ்ச்சிகளும் வேறு. இதற்கு முந்தைய வருடம் 'நான் பார்த்தேன்' என்ற பொருள்படும் தலைப்பில், தன் சொந்தப் பெயரிலேயே தன் கதையை வரைந்திருந்தார். இரண்டும் ஒரே வாழ்க்கையிலிருந்து வந்தவை, வாக்கு மட்டும் வேறு. ஒன்று 'இது எனக்கு நடந்தது' என்கிறது. மற்றது 'எங்களுக்கெல்லாம் இப்படி நடந்தது' என்கிறது. படிக்கத் தொடங்குமுன் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

சுருக்கமாக: கேமரா போகாத இடத்துக்கும் போக விடாத இடத்துக்கும் படம் போகும். போய்வந்தது யார் என்பதைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

பறவைக் குமிழியும் தேள் கொடுக்கும்

நம் நாட்டு நூல் ஒன்று. 2011ல் வந்த 'பீமாயணா' அம்பேத்கரின் சொந்த அனுபவங்களைச் சொல்கிறது. எழுத்து ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ்.ஆனந்தும். வரைந்தவர்கள் மத்தியப் பிரதேசத்துக் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். சிறுவனாக அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போன அம்பேத்கருக்கு, இறங்கிய ஊரில் சாதி தெரிந்ததும் மாட்டுவண்டி கிடைக்கவில்லை. இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டிக்காரர் கூடவே நடந்துவர, பிள்ளைகளே வண்டியை ஓட்டிப் போனார்கள். வழியெல்லாம் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அம்பேத்கரே எழுதிவைத்த சம்பவம் இது.

கோண்டு ஓவியர்கள் கட்டம் போட மறுத்துவிட்டார்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்தால் மூச்சு முட்டும் என்பது அவர்கள் நியாயம். தண்ணீரும் வண்டியும் மறுக்கப்பட்டு, சாதிக்குள் அடைக்கப்பட்டுக் கிடந்த ஒருவரின் கதைக்கு இது எவ்வளவு பொருத்தம்! குமிழிகளைப் பாருங்கள். அன்பான பேச்சும் ஒடுக்கப்பட்டவரின் பேச்சும் பறவை வடிவக் குமிழியில் வரும். சாதிவெறி கக்கும் பேச்சின் குமிழிக்கு வால் தேள் கொடுக்கு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத குழந்தைகூட அந்தப் பக்கத்தில் யார் யாரைக் கொட்டுகிறார் என்று சொல்லிவிடும்.

நிஜத்தில் யார் வாயிலிருந்தும் தேள் கொடுக்கு வருவதில்லை. ஆனால் அந்தச் சொல் கொட்டியது உண்மை.

சொல்வது யார்?

படத்தில் வரலாறு சொல்வது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் காஞ்சிபுரம் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் கட்டியது. கருவறையைச் சுற்றிவரும் திருச்சுற்றில், சிங்கத் தூண்களுக்குப் பின்னாலுள்ள சுவரில், பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகக் கட்டம் கட்டமாகச் செதுக்கியிருக்கிறது. சில கட்டங்களுக்கு இன்ன காட்சி என்று சொல்லும் கல்வெட்டும் உண்டு. கட்டம், வரிசை, விவரணை மூன்றும் கல்லில் இருக்கின்றன.

அந்தக் கட்டங்கள் சொல்லும் கதை இது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறக்கிறான். பிரமுகர்கள் பல்லவர் கிளை மரபைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய் அரசன் வேண்டும் என்று கேட்கிறார்கள். மற்ற மகன்கள் ஒதுங்க, பன்னிரண்டு வயதுக் கடைசி மகன் நான் போகிறேன் என்கிறான். அவனுக்கு முடிசூட்டுகிறார்கள். அந்தப் பையன்தான் கோயில் கட்டிய நந்திவர்மன்.

இங்கேதான் கவனம் தேவை. நேர் வாரிசாக இல்லாமல் பட்டத்துக்கு வந்தவன், தான் பட்டத்துக்கு வந்த நியாயத்தைத் தன் கோயில் சுவரிலேயே செதுக்கிவைத்திருக்கிறான். வரிசையின் தொடக்கமோ பிரம்மாவில் தொடங்கி அசுவத்தாமன் வழியாகப் பல்லவர் குலத்துக்கு வருகிறது. புராணமும் நடந்த சம்பவமும் ஒரே சுவரில், ஒரே உளியில், ஒரே அளவுக் கட்டத்தில். எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று சுவர் சொல்லாது. சுவரை வீணென்று ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அது மிகப் பெரிய சான்று. நடந்ததற்கு எவ்வளவு சான்றோ, தன்னை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் அரசன் விரும்பினான் என்பதற்கும் அவ்வளவு சான்று.

1967ல் ஆனந்த் பை தொடங்கிய 'அமர் சித்திரக் கதை' வரிசையிலும் இதே சிக்கல். எங்கள் தலைமுறைக்கு அது செய்த நன்மை பெரிது, அதை மறக்கமாட்டேன். ஆனால் புராண நாயகர்களும் சரித்திர மன்னர்களும் ஒரே வண்ணத்தில், ஒரே தோரணையில் நின்றார்கள். ராமரும் அக்பரும் ஒரே மாதிரிப் பேசினால், படிக்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒரே வகை உண்மையாகத்தான் படும். அக்கா மகளின் "அப்படித்தான் நடந்திருக்கும்" இங்கிருந்து வந்தது என்பது என் கணிப்பு.

நல்ல அல்புனைவுக் காமிக்ஸ் சொல்பவரை ஒளிக்காது. பத்திரிகையாளர் ஜோ சாக்கோ பாலஸ்தீனத்துக்கும் போஸ்னியாவுக்கும் போய்த் தான் கேட்டதைக் காமிக்ஸாகவே எழுதுகிறவர். பல பக்கங்களில் தன்னையும் வரைவார். வட்டக் கண்ணாடி, கண்ணாடிக்குள் கண் வரையமாட்டார். நோட்டுப் புத்தகத்தோடு தேநீர்க் கோப்பை முன்னால் உட்கார்ந்திருப்பார். இந்தக் கதை உங்களுக்கு வந்துசேர்ந்த வழி நான்தான் என்று காட்டிவிடுகிறார். காசாவில் 1956ல் நடந்த கொலைகளைப் பற்றிய நூலில் சாட்சிகள் ஒருவருக்கொருவர் முரண்படும் இடங்களையும் அப்படியே வைத்திருக்கிறார்.

முகம் காட்ட முடியாதவர்கள்

நமக்கு மிக அருகிலுள்ள ஓர் உதாரணம் 2019ல் வந்த 'வன்னி'. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ், வரைந்தவர் லிண்ட்சி பொல்லாக். டிக்ஸ் ஐநா ஊழியராக, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வட இலங்கையின் வன்னியில் வேலை பார்த்தவர். 2008 செப்டம்பரில் ஐநா அங்கிருந்து வெளியேறியபோது அவரும் வெளியேறினார். போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் நின்று கெஞ்சியதைப் பார்த்தவர்.

நூலில் வரும் குடும்பத்தைத் தேடினால் கிடைக்காது. தப்பி வந்த பலர் சொன்ன அனுபவங்களைச் சேர்த்து அந்தக் குடும்பத்தை உருவாக்கியிருக்கிறார்கள். பல உண்மை மனிதர்களின் அனுபவங்களை ஒருவர் மேல் ஏற்றி உருவாக்குவது கலவைப் பாத்திரம். இது ஏமாற்று வேலையா? சொல்லாமல் செய்தால் ஏமாற்று. சொல்லிவிட்டுச் செய்தால், சாட்சி சொன்னவருக்கும் ஊரில் இருக்கும் அவர் உறவுகளுக்கும் பாதுகாப்பு. கேமரா முன்னால் வாய் திறக்கப் பயப்படும் ஒருவர், வேறு முகத்தில் வரைவோம் என்றால் பேசுவார். காமிக்ஸ் தரும் முகமூடி இங்கே சாட்சியைக் காப்பாற்றுகிறது. இதற்கு விலையும் உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னாருக்கு என்று சரிபார்க்கும் வசதியை வாசகர் இழக்கிறார்.

வகுப்பறைக்குள்

1957ல் அமெரிக்காவில் பதினாறு பக்கக் காமிக்ஸ் ஒன்று வந்தது, விலை பத்து சென்ட். பேருந்தில் கறுப்பர்களைப் பின்னால் உட்காரவைக்கும் வழக்கத்தை எதிர்த்து மாண்ட்கோமெரி நகரத்தில் 381 நாள் நடந்த புறக்கணிப்பை அது சொன்னது. அடிவாங்கினாலும் திருப்பி அடிக்காமல் போராடுவது எப்படி என்றும் கற்றுக்கொடுத்தது. அதைப் படித்த மாணவர்களில் ஒருவர் ஜான் லூயிஸ். 1965 மார்ச் 7 அன்று செல்மா பாலத்தில் போலீஸ் தடியடியில் அவர் மண்டை உடைந்தது. பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரான அவர், தன் போராட்ட வாழ்க்கையைச் சொல்லத் தேர்ந்தெடுத்த வடிவமும் காமிக்ஸ்தான். 2016ல் வந்த மூன்றாம் பாகம் அமெரிக்கத் தேசிய நூல் விருது பெற்றது.

மாணவர்களை இப்படித் தொடும் காமிக்ஸை எல்லாப் பள்ளிகளும் வரவேற்பதில்லை. 2022ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மெக்மின் மாவட்டப் பள்ளி வாரியம் எட்டாம் வகுப்புப் பாடத்திலிருந்து 'மவுஸை' எடுத்தது. 2023ல் ஹிரோஷிமா நகரமே தன் அமைதிக் கல்விப் பாடத்திலிருந்து 'வெறுங்கால் கென்' பகுதிகளை நீக்கியது. உரைநடையில் 'பலர் கொல்லப்பட்டனர்' என்றால் யாரும் எதிர்ப்பதில்லை. வரைந்தால் எதிர்ப்பு வருகிறது. படம் எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பது இதிலேயே தெரிகிறது.

காமிக்ஸால் முடியாததும் இருக்கிறது. ஒரு பஞ்சம் ஏன் வந்தது, ஒரு பொருளாதாரம் எப்படிச் சரிந்தது போன்ற பெரிய காரணங்களை ஒரு மனிதனின் முகத்தை வைத்துச் சொல்வது கடினம். எண்களுக்கும் ஒப்பந்தங்களுக்கும் பாடப் புத்தகம்தான் வேண்டும். அந்த எண்களுக்குள் இருந்தவர்கள் யார் என்பதற்குக் காமிக்ஸ் வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளே வேறு.

வீட்டில் நான் செய்து பார்த்த ஒரு முறையைச் சொல்கிறேன். ஏதாவது ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, பிள்ளையிடம் மூன்று வண்ணப் பென்சில் கொடுங்கள். சாட்சி தானே பார்த்ததாகச் சொல்லும் பகுதிக்கு நீலம். வேறு ஆவணத்திலிருந்தோ வேறொருவரிடமிருந்தோ வந்ததற்குப் பச்சை. யாருக்கும் தெரிந்திருக்க முடியாத, ஓவியர் தானாக இட்டு நிரப்பியதற்குச் சிவப்பு. முதலில் எல்லாமே நீலமாக வரும். நாலைந்து பக்கம் போனபின் கை தயங்கத் தொடங்கும்.

அக்கா மகளிடம் அந்த வாத்தியக் குழுப் பக்கத்தைக் கொடுத்தேன். மேல் படத்தில் வாத்தியங்களுக்குப் பச்சை அடித்தாள், நடந்துபோகும் கைதிகளுக்கு நீலம். கீழ்ப் படத்துக்கு வந்ததும் பென்சிலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். தலைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வாத்திய நுனிகளைக் காட்டி, "மாமா, இதைத் தாத்தாவுக்குத் தெரியாம மகன் வரைஞ்சு வச்சிருக்காரா?" என்று கேட்டாள்.